நடுரோட்டில் விட்ட மரபு

கொற்கைக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது, "கடல் எங்கே?" என்பதுதான். பாண்டியரின் முத்துத் துறைமுகம் என்று படித்துவிட்டு வருகிறார்கள். வந்து பார்த்தால் வயலும் வாழையும் குளமும் வயதான ஒரு வன்னி மரமும்தான் இருக்கின்றன. தாமிரபரணி வண்டலைக் கொட்டிக் கொட்டிக் கடலைக் கிழக்கே பல கிலோமீட்டர் தள்ளிவிட்டது. கடல் நகர்ந்ததும் துறைமுகமும் நகர்ந்தது. முதலில் காயலுக்குப் போனது, பிறகு தூத்துக்குடிக்கு. 1974-ல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கொற்கையின் பெருமையைக் காக்கிறேன் என்று யாரும் வயலுக்குள் தோணியை இறக்கவில்லை. கப்பல் தொழில் பிழைக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் அதைத் தண்ணீர் இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

எங்கள் தூத்துக்குடி மாவட்டத்து மாட்டுவண்டிப் பந்தயத்தைப் பற்றிப் பேச உட்காரும்போதெல்லாம் எனக்கு இந்தக் கொற்கை நினைவு வருகிறது. ஒட்டப்பிடாரம், விளாத்திகுளம், எட்டயபுரம், புதூர் என்று கரிசல் பக்கம் எங்கே கோயில் கொடை வந்தாலும் எல்கைப் பந்தயம் உண்டு. பாஞ்சாலங்குறிச்சியில் வீரசக்கதேவி கோயில் திருவிழாவுக்கும் வண்டிகள் ஓடும். பரிசு வழங்க மேடை ஏறுகிறவர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் ஒரே பேச்சைத்தான் பேசுகிறார்கள்: "இது ஈராயிரம் ஆண்டு மரபு. வீர விளையாட்டு. இதற்கு விதி சொல்ல எவனுக்கும் உரிமை இல்லை." கூட்டம் விசிலடிக்கிறது. பத்திரிகைகளும் அதையே எழுதுகின்றன. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு இதை மறுத்துப் பேசுகிறவன் துரோகி என்ற நிலை வந்துவிட்டது.

நான் மறுக்கிறேன். பந்தயம் பிடிக்காதவனாக இருந்தால் இவ்வளவு சிரமப்பட்டு எழுத மாட்டேன். என் தாய்மாமா சாரதி. மாட்டுக்குப் பருத்திவிதை அரைத்த வீட்டில் வளர்ந்தவன் நான். மரபு என்ற ஒற்றைச் சொல் இந்த விளையாட்டைக் காப்பாற்றவில்லை, கொன்றுகொண்டிருக்கிறது என்பது என் கட்சி.

பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொங்கு நாட்டு ரேக்ளா வேறு. அங்கே ஒவ்வொரு வண்டியாகக் குறுகிய தூரம் ஓடவிட்டு நேரத்தைக் கணக்கெடுப்பார்கள். எங்கள் பக்கம் வண்டிகள் ஒன்றாகக் கிளம்பும். மைல் கணக்கில் ஓடி, எல்கை என்று குறித்த இடத்தில் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். மாட்டின் வயதும் உயரமும் பார்த்துப் பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிப்பார்கள். எல்கையை முதலில் தொட்டுத் திரும்புகிற வண்டிக்குப் பல ஊர்களில் கொடிப் பரிசு தனியாக உண்டு. வண்டியில் சாரதி இருப்பார், துணைக்கு ஓடிவர ஓர் ஆள் இருப்பார்.

பந்தயத்தின் உயிர் அந்தத் திருப்பத்தில் இருக்கிறது. நேர்ச்சாலையில் யார் வேண்டுமானாலும் மாட்டை விரட்டிவிடலாம். எல்கையில் உள்பக்கத்து மாடு ஏறக்குறைய நின்ற இடத்திலேயே திரும்ப வேண்டும், வெளிப்பக்கத்து மாடு அதைச் சுற்றி ஓட வேண்டும். ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு உயிர்களிடம் ஒரே நொடியில் இரண்டு வேறு வேலைகளை வாங்குவது சாதாரணக் காரியமா? மாமா எனக்குக் கயிறு பிடிக்கச் சொல்லித்தந்தபோது சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "எல்கையில அடிக்காதல மருமவனே. அடிச்சா ரெண்டும் ஓடும். ரெண்டும் ஓடுனா வண்டி எப்படிலே திரும்பும்?" கயிற்றை எந்தப் பக்கம் எவ்வளவு இழுப்பது, எத்தனை தூரத்துக்கு முன்பே இழுக்கத் தொடங்குவது, மாட்டின் காது எப்படிப் போகிறது என்பதெல்லாம் வருடக்கணக்கில் பழகினால் வருகிற வித்தை. இதை 'வீரம்' என்ற ஒரு சொல்லில் அடைத்துவிடுவது அந்தச் சாரதிக்குச் செய்கிற மரியாதை ஆகாது.

முதலில் அந்த ஈராயிரம் ஆண்டைப் பார்ப்போம். கலித்தொகையில் முல்லைக்கலி பாடுவது ஏறுதழுவுதலை. ஆயர் மகன் காளையின் திமிலைப் பிடிப்பதற்கும், தார்ச்சாலையில் வண்டிகள் மைல் கணக்கில் போட்டியிட்டு ஓடுவதற்கும் காளை என்ற ஒன்றைத் தவிரப் பொது எதுவும் இல்லை. இந்த வடிவத்தில் பந்தயம் ஓடத் தார்ச்சாலை வேண்டும். அது எங்கள் தாத்தா காலத்துச் சரக்கு. வேறொரு விளையாட்டின் தொன்மையை இரவல் வாங்கி இதற்கு மாலை போடுகிறோம். இரவல் மாலையை ஒருநாள் கேட்பார்கள், கழற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்து, "உழுகிற மாடு வருசத்துக்கு ஒருநாள் ஓடி மகிழ்கிறது" என்ற பேச்சு. மேடையில் கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. உழவுக்கு டிராக்டர் வந்து எத்தனை காலம் ஆயிற்று! இன்று எல்கையில் ஓடும் காளைகள் ஏர் பூட்டுவதில்லை. பந்தயத்துக்காகவே பார்த்து வாங்கி, லட்சக்கணக்கில் பணம் கொடுத்து, அதற்கென்று தீனி வைத்து, தினமும் பயிற்சி கொடுத்து வளர்க்கப்படுபவை. வண்டியும் நெல் ஏற்றுகிற வண்டி அல்ல. எடை குறைத்துத் தனியாகச் செய்தது. இதில் குற்றம் எதுவும் இல்லை. எந்த விளையாட்டும் முற்றும்போது இப்படித்தான் மாறும். ஆனால் மாறியதை ஒப்புக்கொள்ளாமல் பழைய பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தால், மாறிய விளையாட்டுக்கு என்ன தேவை என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இதே கதை அமெரிக்காவில் கார்களுக்கு நடந்தது. அங்கே 'ஸ்டாக் கார்' என்றால் கடையில் விற்கிற கார், எவர் வீட்டிலும் நிற்கிற கார் என்று பொருள். அதை வைத்தே பந்தயம் ஓட்டினார்கள். ஃபுளோரிடாவில் டேட்டோனா கடற்கரையில் 1936 முதல் ஒரு பந்தயப் பாதை இருந்தது. போகிற வழி பொதுச் சாலை, வருகிற வழி கடற்கரை மணல், இரண்டு முனையிலும் திருப்பம். நம் எல்கைப் பந்தயத்தின் உடன்பிறப்பு மாதிரி இருக்கிறது இல்லையா? கடல் வற்றுகிற நேரம் பார்த்து ஓட்ட வேண்டும், அலை ஏறினால் பாதை போய்விடும். திருப்பத்தில் மணல் குழிந்து கார்கள் புதைந்தன. கூட்டம் பெருகியது, கரையோரம் வீடுகள் வந்தன. அப்போது பில் ஃபிரான்ஸ் என்ற பந்தயக்காரர் இது மரபு, கடற்கரையை விட மாட்டேன் என்று உட்காரவில்லை. 1958-ல் கடைசி முறையாக மணலில் ஓட்டினார்கள். 1959 பிப்ரவரியில் கடற்கரையை விட்டு உள்ளே தள்ளி, இரண்டரை மைல் சுற்றளவில் ஓடுபாதை தயாராக நின்றது. வளைவுகளை 31 பாகை சாய்வாகக் கட்டினார்கள். அந்தச் சாய்வுக்கு மண் தோண்டிய பள்ளம் நடுவில் ஏரியாக இன்றும் கிடக்கிறது.

அந்தக் கார்கள் இன்று கடையில் கிடைப்பவையும் அல்ல. குழாய்ச் சட்டத்தின்மேல் பந்தயத்துக்கென்றே கட்டப்படுபவை. பெயரில் மட்டும் 'ஸ்டாக்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் 'உழவு மாடு' போல. வித்தியாசம் என்னவென்றால், கார் மாற மாற அவர்கள் விதியையும் மாற்றினார்கள்.

ஸ்டாக் கார்களின் முதல்தரப் பந்தயத் தொடரில் நடந்த முதல் பந்தயத்தையே பாருங்கள். 1949 ஜூன் 19, வட கரோலினாவின் சார்லட் நகரில் மண் பாதை. கிளென் டன்வே என்பவர் மூன்று சுற்று வித்தியாசத்தில் முதலில் வந்தார். பந்தயம் முடிந்து காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார்கள். பின்பக்க ஸ்பிரிங்கைக் கெட்டிப்படுத்தியிருந்தது. கள்ளச்சாராயம் ஏற்றுகிறவர்கள் பாரம் தாங்கச் செய்கிற வேலை அது. வெற்றி போயிற்று. இரண்டாவதாக வந்த கான்சாஸ்காரர் ஜிம் ரோப்பருக்குப் பரிசு. காரின் உரிமையாளர் வழக்குப் போட்டார், நீதிமன்றம் தள்ளிவிட்டது. பத்து வருடம் கழித்து டேட்டோனாவின் முதல் 500 மைல் பந்தயத்திலும் இப்படி ஒரு சோதனை வந்தது. கோட்டில் இரண்டு கார்கள் சேர்ந்தே பாய்ந்தன. ஜானி போஷாம்ப் வென்றதாக முதலில் அறிவித்துவிட்டார்கள். பிறகு புகைப்படங்களையும் செய்திப்படத்தையும் மூன்று நாள் அலசி, லீ பெட்டிதான் வென்றவர் என்று முடிவை மாற்றினார்கள்.

நம் ஊரில் கோட்டில் இரண்டு வண்டி சேர்ந்து வந்தால் என்ன நடக்கிறது? சத்தம் பெரிதாக யாருடையதோ அவர்களுக்குப் பரிசு. சில வருடம் கம்பு எடுக்கிறார்கள், சில வருடம் சாதி எடுக்கிறார்கள். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயதுக்குள் சேர்ப்பதில் தகராறு, பிரிவு மாற்றி ஓட்டியதாகத் தகராறு. தீர்ப்புச் சொல்ல எழுதிய விதியும் இல்லை, விதியைக் கையில் வைத்திருக்கும் அமைப்பும் இல்லை. இந்த வெற்றிடத்தைத்தான் மரபு என்கிறோம்.

சட்டம் நமக்கு என்ன கொடுத்தது என்றும் பார்க்க வேண்டும். பலருக்கு மறந்துவிட்டது, நீதிமன்றப் படியை முதலில் ஏறியது ஜல்லிக்கட்டு இல்லை. 2006-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு அனுமதி கேட்டுப் போன வழக்குதான் ஜல்லிக்கட்டுத் தடைவரை நீண்டது. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் வண்டிப் பந்தயத்தையும் சேர்த்தே தடுத்தது. வாலை முறுக்குவது, கடிப்பது, ஆணி வைத்த குச்சியால் குத்துவது என்று விலங்கு நல வாரியம் கொடுத்த அறிக்கைகள் அந்தத் தீர்ப்பில் வரிசையாக இருக்கின்றன. 2017 ஜனவரியில் மெரினாவில் கூடினோம், நானும் போனேன். அவசரச் சட்டம் வந்தது, சட்டமன்றத்தில் சட்டமும் நிறைவேறியது. 2023 மே 18-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. பண்பாட்டின் பகுதியா இல்லையா என்பதில் சட்டமன்றம் எடுத்த முடிவில் தலையிட மாட்டோம் என்று சொன்னார்கள்.

வெற்றிதான். ஆனால் சட்டத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். ஜல்லிக்கட்டு என்பதன் வரையறையில் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா ஆகியவை பெயர் சொல்லி இருக்கின்றன. எங்கள் எல்கைப் பந்தயத்தின் பெயர் இல்லை. சட்டம் வந்த 2017-லேயே வந்த விதிகள் ஜல்லிக்கட்டுக் களத்துக்கு இரட்டைத் தடுப்பு கேட்கின்றன, காளைக்கு மருத்துவச் சோதனை கேட்கின்றன. அலங்காநல்லூரில் இன்று தடுப்பு இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார், ஆம்புலன்ஸ் நிற்கிறது. அதனால் அலங்காநல்லூரின் வீரம் ஒரு துளியும் குறையவில்லை. மைல் கணக்கில் சாலையில் ஓடும் வண்டிக்கு என்ன தடுப்பு, சாலையை யார் அடைப்பது, பின்னால் யார் வரலாம் என்று அந்த விதிகள் பேசுவதில்லை. மரபு, மரபு என்று கேட்டோம், மரபு கிடைத்தது. பாதை கேட்கவில்லை, கிடைக்கவில்லை.

பாதை இல்லாததன் விலை எனக்குத் தெரியும். எல்கைப் பந்தயத்தில் மாட்டை விடப் பயங்கரமானது அதன் பின்னால் வரும் பைக் கூட்டம். வண்டிகள் கிளம்பியதும் நூறு பைக்காவது கூடவே கிளம்பும். ஒன்றில் மூன்று பேர். ஹாரன், கூச்சல், ஒரு கையில் செல்போன். மாட்டுக்குப் பக்கத்திலேயே போய்ச் சத்தம் போட்டு விரட்டுவார்கள். நான் பதினாறு வயதில் பார்த்த ஒரு பந்தயத்தில், பின்னால் வந்த பைக் ஒன்று வண்டிக்கு ஒதுங்கப் போய்ச் சாலையோரம் நின்று கைதட்டிக்கொண்டிருந்த பையன்மீது ஏறியது. பதினொரு வயதிருக்கும். தொடை எலும்பு முறிந்து கிடந்தான். ஒலிபெருக்கியில் எந்த வண்டி முந்துகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கேட்கப் போனபோது, "அது பைக்காரன் செஞ்சது. பந்தயத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல" என்று பதில் வந்தது. மாமா அன்று மூன்றாவது பரிசு வாங்கியிருந்தார். அதற்குப் பிறகு அவர் வண்டி ஏறவில்லை. காரணத்தை யாரிடமும் சொல்லவும் இல்லை.

விதி வந்தால் வீரம் போய்விடும் என்பவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். அலபாமாவின் டாலடேகா ஓடுபாதை டேட்டோனாவை விடப் பெரியது, வளைவும் செங்குத்தானது. 1987-ல் பில் எலியட் அங்கே தகுதிச் சுற்றில் மணிக்கு 212 மைலைத் தாண்டினார். அதே வாரம் பந்தயத்தில் பாபி ஆலிசனின் கார் தரையை விட்டுக் கிளம்பிப் பார்வையாளர் வேலியைக் கிழித்தது. கூட்டத்தில் சிலருக்குக் காயம். அடுத்த ஆண்டு முதல் அந்த இரண்டு பெரிய பாதைகளிலும் இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குறைக்கத் துளையிட்ட தகடு வைத்தார்கள். வேகத்துக்கென்றே பிறந்த விளையாட்டு, பார்க்க வந்தவர்களின் உயிருக்காகத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. 2001-ல் டேட்டோனாவின் கடைசிச் சுற்றில் டேல் ஏர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்தார். அந்த விளையாட்டின் மிகப் பெரிய பெயர் அது. அதே ஆண்டு தலையையும் கழுத்தையும் தாங்கும் கவசம் எல்லோருக்கும் கட்டாயமாயிற்று. அதன் பிறகு அந்த முதல்தரப் பந்தயத் தொடரில் ஓட்டுநர் ஒருவரும் பந்தயத்தில் சாகவில்லை. வீரம் எங்கே போயிற்று? இன்றும் நாற்பது கார்கள் கைக்கெட்டும் தூரத்தில் முட்டிக்கொண்டு ஓடுகின்றன.

அமெரிக்காவை விடுங்கள், எங்கள் கடலுக்கே வாருங்கள். முத்துக்குளித்தலை விடப் பழைய மரபு இந்தக் கரையில் எது? அது விதி இல்லாமல் ஒருநாளும் நடந்ததில்லை. முத்துக்குளிப்பு எந்த வருடமும் தானாக நடந்ததில்லை. முதலில் பார் பார்ப்பார்கள். கடலடியில் சிப்பி வளர்ந்திருக்கிறதா என்று சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றில் கிடைத்த முத்தை விலை மதித்து, தேறும் என்றால் மட்டுமே நாள் குறிப்பார்கள். தேறாத வருடம் கடல் மூடியிருக்கும், சில சமயம் பல வருடம் தொடர்ந்து. குளியாள் மூச்சடக்கி இறங்கும்போது மேலே கயிறு பிடிக்க நம்பிக்கையான ஓர் ஆள் வேண்டும். மச்சானைத் தவிர வேறு யாரிடமும் கயிற்றைக் கொடுக்காதே என்று கடற்கரையில் இன்றும் சொல்வார்கள். 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அத்தனை பழைய தொழிலையே சிப்பி இல்லை என்றதும் நிறுத்திவைக்க எங்கள் கடற்கரைக்குத் தெரிந்திருந்தது. மரபு என்றால் கட்டுப்பாடில்லாதது என்று எங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

பந்தயத்துக்குத் தனிப் பாதை போடப் பணம் எங்கே என்பார்கள். 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் சாலையை அடைத்து இரவில் கார்ப் பந்தயம் நடந்தது. தடுப்புச் சுவர், வேலி, விளக்கு எல்லாம் வந்தன. ஓடுபாதைக்குச் சர்வதேச அமைப்பின் சான்றிதழ் வரத் தாமதமானது. உயர் நீதிமன்றம் கெடு வைத்தது, கெடுவை நீட்டித்தது. சான்றிதழ் வந்த பிறகுதான் ஓட்டினார்கள். நான் அதைக் குறை சொல்லவில்லை. அப்படித்தான் நடக்க வேண்டும். அதற்கும் முன்பே இந்த மாநிலத்துக்குப் பாடம் உண்டு: சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் ஃபியட்டும் அம்பாசிடரும் ஓடிய காலம் இருந்தது. பந்தயக்காரர்கள் கூடி இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை போட்டார்கள், 1990-ல் அது திறந்தது. காருக்குச் செய்ய முடிந்ததை மாட்டுக்குச் செய்ய முடியாதா? எங்களுக்கு 31 பாகைச் சாய்வு வேண்டாம், மின்விளக்கு வேண்டாம். எங்கள் மாவட்டத்தில் புறம்போக்கு நிலம் இல்லாத வட்டம் இல்லை. நீளமாக ஒரு மண் பாதை, இரண்டு பக்கமும் கம்பி, முனையில் அகலமான திருப்பம், மாடு நிற்க நிழல், தண்ணீர்த் தொட்டி, ஒரு கால்நடை மருத்துவர். தாரை விட மண் குளம்புக்கு நல்லது என்று லாடம் கட்டுகிறவரே சொல்வார். ஆணிக் குச்சி வைத்திருந்தால் வண்டி வெளியே. வாலைத் தொட்டால் பரிசு இல்லை. பாதைக்குள் பைக் கிடையாது.

தடை செய்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. தடை இருந்த வருடங்களிலும் வண்டிகள் ஓடின. விடிவதற்கு முன், போலீசுக்குத் தெரியாமல், மருத்துவர் இல்லாமல், இருட்டில் ஓடின. அந்த வருடங்களில் மாட்டுக்கு நேர்ந்தது எந்த அறிக்கையிலும் ஏறவில்லை.

மாமாவுக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது. எழுதியதைப் படித்துக் காட்டினேன். கம்பி போட்ட பாதை என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். "திருப்பத்துல மட்டும் கம்பிய நல்லாத் தள்ளிப் போடச் சொல்லுல. வெளிமாட்டுக்கு இடம் வேணும்" என்றார். அதையும் சேர்த்து, வருகிற கொடைக்கு முன்பாக எங்கள் பக்கத்து விழாக் கமிட்டிக்கு மனுவாகக் கொடுத்திருக்கிறேன். முதல் வரியில் பைக்கைத்தான் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.